லிகெரி பாடாமல் சொன்னது

ஏதென்ஸ்
9 ஜூலை 1978

அன்புள்ள லிகெரி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன முறை அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாயா?

ஒரு செய்தி சொல்கிறேன், சிரிக்காதே. அக்டோபரில் நம் ஊருக்கு நடக்கும் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறேன். நான் ஏதென்ஸில் இருந்தாலும் என் ஓட்டு இன்னும் மவ்ரோலாக்கோஸில்தான் இருக்கிறது. கரவாகோஸ் எத்தனை காலம்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்? ஓடைக்குப் பாலம் கட்ட வந்த பணத்தை எடுத்து மணிக்கூண்டு கட்டினார். மணி அடித்த அன்று நீங்கள் எல்லோரும் அழுதீர்களாமே! ஓடைப் பாதை போன மழையில் அடித்துக்கொண்டு போனது. இன்றுவரை வண்டிகள் கூழாங்கல்லில் இறங்கி ஏறுகின்றன. அதற்கு யாரும் அழவில்லை.

பட்டாளத்தார் ஏழு வருடம் நம்மை எப்படி ஆண்டார்கள், யோசித்துப் பார். கொடியைக் காட்டினார்கள், தாய்நாடு என்றார்கள், வாத்தியம் வாசித்தார்கள். ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கையில் விலங்கை மாட்டினார்கள். இனியாவது ஜனம் தலையால் யோசித்து ஓட்டுப் போடட்டும். பாலத்துக்கு எவ்வளவு செலவு, எத்தனை வீட்டுக்கு லாபம் என்று கணக்குப் போட்டு அச்சடித்து அனுப்புகிறேன். பெண்களிடம் நீ எடுத்துச் சொல்.

தொலைபேசியில் எதுவும் பேச வேண்டாம். ஊரில் இருக்கிற ஒரே தொலைபேசி கரவாகோஸின் மைத்துனன் காபிக் கடையில் இருக்கிறது.

உன் தம்பி
திகேயோஸ்


மவ்ரோலாக்கோஸ்
28 ஜூலை

தம்பி திகேயோஸுக்கு அக்கா எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். முழங்காலும் என்னோடு உயிரோடுதான் இருக்கிறது. தைலம் நாற்றம் தாங்கவில்லை, ஆட்டுக்குத் தேய்த்தேன். ஆடு நன்றாக நடக்கிறது.

உன் காகிதம் வந்தது. அச்சு அழகாக இருக்கிறது, காகிதமும் நல்ல கெட்டி. எல்லா வீட்டிலும் அத்திப்பழம் காயவைக்க அதைத்தான் விரித்திருக்கிறார்கள். கோபப்படாதே. நீ சொன்னபடி நான் பெண்களிடம் சொன்னேன். கோயில் வாசலில் ஒருத்தி என் வாயை எப்படி அடைத்தாள் தெரியுமா?

"எங்கப்பா செத்தப்ப கரவாகோஸ் வந்து பெட்டிக்குத் தோள் குடுத்தாரு. உன் தம்பி என்ன செஞ்சான்? தந்தி அடிச்சான்! தந்திக்கா ஓட்டுப் போடச் சொல்ற?"

நீ அடித்தது தந்திதான்.

இன்னொன்று. உன் கடிதத்தில் பசை இரண்டு முறை ஒட்டினாற்போல் தடித்துக் கிடந்தது. நீ ஒட்டியதா, அந்தக் காபிக் கடைக்காரன் ஒட்டியதா? தபால் மூட்டையும் அவன் கடையில்தானே இறங்குகிறது. இங்கே இப்போது எவனும் எவனையும் நம்புவதில்லை. ரொட்டி கடன் கேட்டால்கூட எந்தக் கட்சிக்கு என்று பார்க்கிறார்கள். இனி எழுதினால் பஸ் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பு. அவன் எனக்குப் பயப்படுவான். அவன் அம்மாவுக்கு நான்தான் ஒப்பாரி பாடினேன்.

போன வாரம்கூட மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சாவு. கழுதை அனுப்பி என்னை அழைத்துப் போனார்கள். தொண்டை கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை. நீ இதையெல்லாம் கேட்டால் முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள். ஆனால் கோர்ட்டில் பைபிளைத் தொட்டுப் பொய் சொல்கிறவன் இந்த ஊரில் இருக்கிறான். பிணத்தின் தலைமாட்டில் பொய் சொன்னவள் இதுவரை கிடையாது. அதனால்தான் என் பாட்டைக் கேட்கிறார்கள்.

வெயிலில் தலையில் துணி போட்டுக்கொண்டு போ.

லிகெரி


ஏதென்ஸ்
13 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் தொண்டைக்குத் தேன் அனுப்பியிருக்கிறேன். இதையாவது ஆட்டுக்குக் கொடுக்காதே.

உன் கடிதத்தைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்குத் தோள் கொடுப்பது ஒரு தகுதியா? அப்படியானால் கழுதையைத் தலைவராக்கலாம், அது இன்னும் நிறையச் சுமக்கும். அழுகிறவன் பின்னால் போகிற ஊர் எங்கே உருப்பட்டிருக்கிறது, சொல்.

ஆனாலும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். நான் எண்ணிப் பார்த்ததில் இன்று தேர்தல் வைத்தால் தோற்றுப்போவேன். அவமானமாக இருக்கிறது. பாலம் வேண்டும் என்பது பகல் மாதிரித் தெரிகிற விஷயம். அதைக்கூடப் புரியவைக்க முடியவில்லை என்றால் நான் படித்த படிப்பு எதற்கு?

யாராவது மனம் மாறினால் எழுது.

திகேயோஸ்


ஏதென்ஸ்
29 ஆகஸ்ட், பஸ் ஓட்டுநர் கையில்

அக்கா,

சுகம் கேட்க நேரமில்லை. மெதாக்சியாவின் இளைய மகன் சராந்தோஸ் போய்விட்டான் என்று நகரத்திலிருந்து மாமா மகன் தொலைபேசியில் சொன்னான். கடவுள் அவன் பாவங்களை மன்னித்து ஏற்றுக்கொள்ளட்டும். இருபது வயதுப் பையன். அத்திமரத்திலிருந்து விழுந்தானாம். வேனில் போட்டு நகரத்துக்குக் கொண்டு போகும்போது ஓடையில் டயர் புதைந்து நின்றுவிட்டதாம். ஊரே போய்த் தள்ளியதாம். மெதாக்சியா அங்கே கதறியதை நீயும் பார்த்திருப்பாய்.

நகரத்து டாக்டர் என்னோடு படித்தவர். அவரிடமும் பேசினேன். பாலம் இருந்திருந்தால் வண்டி கால் மணி நேரத்தில் அவர் வாசலில் போய் நின்றிருக்கும். இதை நான் போன மழையிலிருந்தே கத்திக்கொண்டிருக்கிறேன்.

நாளை அடக்கம். எனக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. நீ போவாய், பாடுவாய். என்ன பாட வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுக்க நான் யார்? ஓடை உன் கண்ணெதிரில் இருக்கிறது. மணிக்கூண்டும் இருக்கிறது.

திகேயோஸ்


மவ்ரோலாக்கோஸ்
4 செப்டம்பர்

தம்பிக்கு,

போனவன் போய்விட்டான், உயிர் நமக்காவது மிஞ்சட்டும். நான் நன்றாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

பாடினேன். உனக்கு அதற்குள் தெரிந்திருக்கும், காபிக் கடைக்காரன் ஏதென்ஸ் முழுக்கத் தொலைபேசியில் சொல்லியிருப்பான். கல்யாணமாகாத பையன் என்று கல்யாணச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மெதாக்சியா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். உன் கடிதம் என் மடியில் இருந்தது. நான் தொடங்கினேன். முதலில் அவன் பல் வரிசையைப் பாடினேன், அவன் வலை வீசுகிற கையைப் பாடினேன். அப்புறம் கரவாகோஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். வந்த உடனே வாயில் இது வந்துவிட்டது:

"ஓடையிலே வண்டி நிக்க உசுரு துடிச்சதய்யா,
ஒத்தப் பாலம் இருந்திருந்தா எம்புள்ள பொழச்சிருப்பான்.
பாலத்துக் கல்லெடுத்து மணிக்கூண்டு கட்டிவச்ச
கரவாகோஸ் ஐயாவே, அந்த மணிய அடிச்சுப் பாரும்,
எந்தங்கம் எழுந்திருச்சு வாரானான்னு பாரும்!"

பெயரைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை திகேயோஸ். பாட்டு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெண்கள் அத்தனை பேரும் மார்பில் அடித்துக்கொண்டார்கள். ஆண்கள் விலகி நின்றார்கள். கரவாகோஸ் வாசலைத் தேடி வெளியே போனார். அவருக்கு வழிவிட்டார்கள், ஆனால் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நம் தாத்தா காலத்தில் ஒப்பாரியில் ஒரு ஆணின் பெயர் வந்தால் செத்தவனின் உறவு பழி தீர்க்க வரும் என்று அவன் வீட்டில் அடுத்த சாவுக்குத் துணி வாங்கி வைப்பார்கள். அதெல்லாம் முடிந்துபோன கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டாக்டரிடம் பேசினேன் என்கிறாய். உடனே பாலத்துக்குத் தாவிவிட்டாய். டாக்டர் என்னதான் சொன்னார்?

லிகெரி


ஏதென்ஸ்
14 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். கறுப்புக் கம்பளிச் சால்வை ஒன்று அனுப்பியிருக்கிறேன், குளிர் வருகிறது. விலை கேட்காதே.

அக்கா, இங்கே நம் ஊர்க்காரர்கள் மூன்று பேர் என் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பாலம் கட்டுப்பா, நாங்க இருக்கோம்" என்றார்கள். ஒருவர் பாலத்துச் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்! ஓட்டுக்கு ஊருக்கு வர எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பஸ் பேசியிருக்கிறோம். கடைசியில் ஜனம் யோசிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

உன் பாட்டை ஒருவர் எனக்கு முழுக்கச் சொல்லிக் காட்டினார். கண் கலங்கிவிட்டது. என்னைப் பற்றி நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாலும் சரி, எனக்கும் கண் கலங்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிடு.

திகேயோஸ்


மவ்ரோலாக்கோஸ்
23 செப்டம்பர்

திகேயோஸுக்கு,

சால்வை வந்தது. போர்த்தவில்லை.

நான் டாக்டரைப் பற்றிக் கேட்டேன், நீ சால்வையைப் பற்றி எழுதுகிறாய். நீ சின்ன வயதிலும் இப்படித்தான். ஜாடியை உடைத்துவிட்டால் ஓடி வந்து அம்மாவுக்கு முத்தம் கொடுப்பாய். யாரும் கேட்காமல் நீ முத்தம் கொடுத்தால் அம்மா நேரே போய் ஜாடியைத்தான் பார்ப்பாள்.

இப்போது கேள். சராந்தோஸின் அண்ணன் லியாஸ் கப்பலிலிருந்து வந்துவிட்டான். வந்த நாளிலிருந்து சவரம் செய்யவில்லை. துக்கத்துக்கு வளர்க்கிற தாடி எது, பழிக்கு வளர்க்கிற தாடி எது என்று எனக்குத் தெரியும். காலையில் காபிக் கடையில் வந்து உட்கார்ந்தால் மாலைவரை கரவாகோஸ் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரோடும் பேசுவதில்லை. கரவாகோஸ் வெளியே வருவதில்லை. அவர் மனைவி மட்டும் ரொட்டிக்கு வருகிறாள், அவளுக்கு ஒருவரும் வணக்கம் சொல்வதில்லை. அந்த மனிதர் கர்வி, மணிக்கூண்டுப் பைத்தியம், எல்லாம் சரி. கொலைகாரரா?

நேற்று மெதாக்சியாவிடம் போனேன். கல்லறைக்குப் போகிற வழியில் அவளை நிறுத்திக் கேட்டேன். அவள் கல்லறை விளக்கைக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"மரத்தடியிலேயே போயிட்டான் லிகெரி. நான் ஓடிப் போய்த் தூக்குறப்பவே கழுத்து நிக்கல. எனக்குத் தெரியும். ஆனா பெத்தவ எப்படிடி அத ஒத்துக்குவா? வண்டியக் கொண்டு வாங்கன்னு கத்துனேன், கொண்டு வந்தாங்க."

ஓடையில் நாம் எல்லோரும் தள்ளியது ஒரு பிணத்தை. பாலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் பிணம்தான்.

உன் டாக்டர் உன்னிடம் இதைத்தானே சொன்னார்? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று எழுது. தேன், சால்வை எதுவும் வேண்டாம்.

லிகெரி


ஏதென்ஸ்
29 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும், முதலில் அது முக்கியம்.

ஆமாம். டாக்டர் அப்படித்தான் சொன்னார்.

இப்போது கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேள். நான் எழுதியதில் பொய் எது? பாலம் இல்லை, உண்மை. வண்டி நின்றது, உண்மை. பாலம் இருந்தால் கால் மணி நேரத்தில் போகலாம், அதுவும் உண்மை. பையன் ஓடையில் உயிரோடு இருந்தான் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அதை நீயாகப் பாடினாய்.

வருகிற குளிர்காலத்தில் ஓடையில் தண்ணீர் வரும். பிரசவ வலியில் ஒருத்தி, மாரடைப்பில் ஒருவர், யாரோ ஒருவர் நிச்சயம் அக்கரை போக முடியாமல் சாவார். அவருக்கு இன்னும் பெயர் இல்லை, முகம் இல்லை, அதனால் அவருக்காக யாரும் அழமாட்டார்கள், ஓட்டும் போடமாட்டார்கள். சராந்தோஸுக்கு முகம் இருந்தது. நான் கணக்கைச் சொன்னபோது அத்திப்பழம் காயவைத்தார்கள். நீ பாடியபோது கேட்டார்கள். நோயாளி மருந்தைக் குடிக்க மறுத்தால் தேனில் குழைத்துக் கொடுப்பதில்லையா? அறிவுக்கு வேறு வழி என்ன இருக்கிறது இந்த ஊரில்?

லியாஸைப் பற்றிப் பயப்படாதே. இது நம் தாத்தா காலமில்லை. அவன் உலகம் சுற்றிய மாலுமி. வேண்டுமானால் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.

தேர்தல் முடிகிறவரை நீ வாயைத் திறக்காமல் இரு. அது போதும். அப்புறம் நானே கரவாகோஸிடம் நேரில் பேசுகிறேன். என்னைப் பெற்றவள் மாதிரி வளர்த்தவள் நீ. என்னை நடுத்தெருவில் நிறுத்தமாட்டாய் என்று நம்புகிறேன்.

உன் தம்பி
திகேயோஸ்


மவ்ரோலாக்கோஸ்
9 அக்டோபர்

திகேயோஸ்,

நடுத்தெருவில் நின்றது நான்தான். நீ சந்தோஷமாக இரு.

நேற்று நாற்பதாம் நாள் பூசை. செத்தவன் பேரில் அவித்த கோதுமையைக் கோயில் வாசலில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க இருந்தது. லியாஸ் சுவரில் சாய்ந்து நின்றான். எல்லோரும் நான் பாடுவேன் என்று காத்திருந்தார்கள். எனக்குப் பாடக் கூசியது. அந்தப் பாட்டால் வந்த வினையை மறுபடி பாட்டால் தொடுவதா என்று தோன்றியது. நீதான் சின்ன வயதிலிருந்து சொல்வாயே, உண்மைக்கு ராகம் எதற்கு என்று. அதனால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னேன். பையன் மரத்தடியிலேயே இறந்துவிட்டான், டாக்டருக்குத் தெரியும், என் தம்பிக்கும் தெரியும், நான் மட்டும் தெரியாமல் பாடிவிட்டேன், கரவாகோஸ் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொன்னேன். உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். மறைக்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தார்கள் பார்.

"இவ எதுக்குப் பாடாம பேசுறா?"

"யாரு லிகெரி எழுதிக் குடுத்தது?"

"எழுதிக் குடுக்கிறதா? கரவாகோஸ் வீட்டுப் பின்வாசல்ல இவளப் பாத்ததா எங்க நாத்தனார் சொல்றா!"

"தம்பியவே காட்டிக் குடுக்கிறாள்னா, கை நெறையாம குடுப்பாளா?"

நான் சிலுவையின் மேல் சத்தியம் செய்தேன். அதற்கு உன் காகிதத்தில் அத்திப்பழம் காயவைத்தவள் ஒருத்தி, இத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பின்பாட்டுப் பாடியவள், என்ன சொன்னாள் தெரியுமா?

"நெஜமா இருந்தா பாட்டா வந்திருக்குமே. உனக்குப் பாட்டு வரலேல்ல? பொய்க்கு எப்படி வரும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது. லியாஸ் என்னிடம் வந்தான். குரலை உயர்த்தவே இல்லை. "பயந்துட்டீங்க அத்தை. பரவால்ல, பொம்பளைங்க பயப்படலாம்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மெதாக்சியாவைப் பார்த்தேன், அவளாவது ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று. அவள் கோதுமைத் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூட்டம் போனபின் என் கையைக் கிள்ளி இழுத்தாள்.

"உனக்கு எதுக்குடி இந்த வேல? உன் பாட்டுல எம்புள்ள எனக்காக ஓடை வரைக்கும் உசுரப் பிடிச்சுக்கிட்டு வந்தான். உன் பேச்சுல ரெண்டு அத்திப்பழத்துக்கு விழுந்து செத்துட்டான். எது வேணும்னு என்னக் கேட்டியா நீ?"

அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. லியாஸிடம் நீ வந்து சொல். நீ படித்தவன், ஆண்பிள்ளை, உன் வாயாலேயே சொல். ஒரு உயிர் போவதற்குள் வா.

லிகெரி


ஏதென்ஸ்
20 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்தபோது நாங்கள் ஓட்டுக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தோம். ஊரில் இருந்த அரை நாளில் உன் கதவை இரண்டு முறை தட்டினேன். நீ உள்ளே இருந்தாய், புகைபோக்கியில் புகை வந்தது.

முடிவு உனக்குத் தெரியும். ஜெயித்துவிட்டேன், நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு ஓட்டு. நீ பேசிய பிறகு கூடியிருக்கிறது என்று சொல்கிறார்கள். உன்னைக் கரவாகோஸ் விலைக்கு வாங்கப் பார்த்தார் என்று ஜனத்துக்கு ஆத்திரம்.

நான் இரண்டு நாள் தூங்கவில்லை, நம்பு. பிறகு நிதானமாக யோசித்தேன். மறைத்தேன் என்று இனி யாரும் என்னைச் சொல்ல முடியாது. வாக்களிக்கும் முன்பே உண்மை முழுக்க ஊர் நடுவில் சொல்லப்பட்டுவிட்டது. சொன்னதும் வேறு யாரோ இல்லை, என் அக்கா. கேட்டார்கள், சீர்தூக்கிப் பார்த்தார்கள், முடிவெடுத்தார்கள். மக்களாட்சி என்பது அதுதானே? அவர்கள் முடிவை மதிக்க வேண்டியது என் கடமை.

காபிக் கடையில் லியாஸைப் பார்த்தேன். என் கையைக் குலுக்கினான். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். அந்தக் கூட்டத்தில் வேறெதுவும் பேச முடியவில்லை.

ஜனவரியில் பதவி ஏற்கிறேன். முதல் வேலை பாலம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
திகேயோஸ்


ஏதென்ஸ்
12 நவம்பர்

அக்கா,

ஏன் பதில் இல்லை? காபிக் கடைக்குத் தொலைபேசி செய்தேன். உன்னைக் கூப்பிட ஆள் அனுப்பியதாகவும் நீ வரவில்லை என்றும் சொன்னான். அவன் அனுப்பினானா என்றே சந்தேகமாக இருக்கிறது.

கரவாகோஸ் வீட்டு ஜன்னலில் குண்டு பாய்ந்தது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே? காவல் நிலையத்தில் விசாரித்தால் ஊரில் ஒருவருக்கும் சத்தமே கேட்கவில்லையாம்.

நான் வரட்டுமா? வந்தால் என்ன சொல்வது? ஒரு வரி எழுது.

திகேயோஸ்


மவ்ரோலாக்கோஸ்
28 நவம்பர்

திகேயோஸுக்கு லிகெரி எழுதுவது.

நான் வரட்டுமா என்று கேட்டு எழுதுகிறவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பதில் எழுதவில்லை.

குண்டு பாய்ந்தது உண்மை. சமையலறை ஜன்னல் வழியாக வந்து எண்ணெய் ஜாடியை உடைத்துவிட்டுச் சுவரில் இறங்கியது. கரவாகோஸ் ஒரு நிமிடம் முன்னால் எழுந்து போயிருக்கிறார். அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. லியாஸுக்கு அடுத்த முறை குறி தப்பாது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாதப் பூசை. மறுபடி கையைக் கட்டிக்கொண்டு பேசினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. பாடித்தான் ஆக வேண்டும். ஆனால் பாட்டில் ஒரு குற்றவாளி வேண்டும், இல்லாவிட்டால் அது எடுபடாது. கரவாகோஸின் பெயரை எடுத்தால் அங்கே யார் பெயரை வைப்பது? நியாயமாக உன் பெயரைத்தான் வைக்க வேண்டும். வைக்கத்தான் போனேன். முதல் நாள் முழுக்க அதைத்தான் கட்டினேன், நன்றாகவே வந்தது. ஆனால் உலகம் சுற்றிய மாலுமிக்கு ஏதென்ஸ் ஒன்றும் தூரமில்லை. நீ ஜாடி உடைத்த முகம் ஞாபகம் வந்தது, அந்தப் பெயரைப் பாட மனது வரவில்லை.

நம் ஆட்கள் பெண்ணைச் சுடமாட்டார்கள். அதனால் என் பெயரை வைத்தேன்.

"தம்பி ஜெயிக்க வேணுமின்னு தலமாட்டில் பொய் சொன்னேன்,
யாரும் சொல்லித் தரவில்ல, நானாகப் புனஞ்சு சொன்னேன்.
பத்தினிமாரே துப்புங்க, பாவி எம்முகத்தில் துப்புங்க!"

உனக்கு எதுவும் தெரியாது என்று பாடினேன். நாற்பதாம் நாள் உன்னை இழுத்துவிட்டதும் என் பயத்தில்தான் என்று பாடினேன். மெதாக்சியாவுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. மரத்தடியில் கண் மூடும் முன் சராந்தோஸ் "அம்மா" என்று ஒரு தரம் கூப்பிட்டான் என்று பாடினேன். கூப்பிட்டானா, கழுத்து நிற்காதவன் எப்படிக் கூப்பிடுவான்? ஆனால் அவள் அதைக் கேட்டு அப்படி அழுதாள். ஊரே அழுதது. லியாஸ் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் காலடியில் துப்பினார்கள். மெதாக்சியா கடைசியாக வந்தாள். துப்பவில்லை. மகனைப் பார்த்து, "வீட்டுக்குப் போய்ச் செரச்சுக்கடா" என்றாள்.

நேற்று அவன் கப்பலுக்குப் போய்விட்டான். கரவாகோஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வெயில் காய்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்று காலை மேட்டுத் தெருவில் ஒரு சாவு. என்னைக் கூப்பிடவில்லை. வேறு ஊரிலிருந்து ஒருத்தியை அழைத்து வந்திருக்கிறார்கள், அவளுக்குக் குரலே இல்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

நான் இரண்டு தரம் பாடினேன். இரண்டும் பொய், இரண்டையும் நம்பினார்கள். நடுவில் ஒரே ஒரு தரம் உண்மையைச் சொன்னேன், காசு வாங்கிவிட்டாள் என்றார்கள். சீர்தூக்கிப் பார்த்தார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

ஜனவரியில் வா, பாலத்தைக் கட்டு, நன்றாகக் கட்டு. என் வீட்டில் தங்காதே. நான் செத்தால் தந்தி அடிக்காதே, வந்து பெட்டிக்குத் தோள் கொடு. ஆனால் என் தலைமாட்டில் எவளையும் பாட விடாதே. நல்லவள் என்று பாடிவிடுவாள், ஊரும் நம்பிவிடும்.

லிகெரி